பின்சக்கரத்து ஈரம்

மலை மேல எங்க பூண்டியில பின்சக்கரம் நனையாத லாரியப் பாக்க முடியாது. கேரட்டக் கழுவி, தண்ணி வடியிறதுக்குள்ள மூட்டை கட்டி ஏத்திருவோம். வத்தலக்குண்டு போற வரைக்கும் ரோட்ட நனைச்சுக்கிட்டே போகும். அதனால என் லாரியில எடதுபக்கப் பின்சக்கரம் எப்பவும் ஈரமா இருந்ததுல எனக்கு ஒரு சந்தேகமும் வரல.

நாத்தத்தையாவது கண்டுபிடிச்சிருக்கணும். பின் ஆக்சில்ல ஊத்துற கிரவுன் ஆயில் அழுகுன முட்டையா நாறும். ஆனா கேரட் இல்லாத நாள்ல பூரா பூண்டு மூட்டைதான். எங்க மூக்கெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. ஆயில மறைக்கக் கேரட்டு, நாத்தத்த மறைக்கப் பூண்டு. நல்லா வாய்ச்சுது போங்க!

ஒருநாள் லோடோட எறங்குறப்ப, வளைவுல பிரேக்க மிதிச்சா வண்டி வலதுபக்கம் பள்ளத்தப் பாத்து இழுத்துச்சு. எப்படி நிறுத்துனேன்னு இன்னைக்கும் தெரியல. எறங்கிப் போயி சக்கரத்தத் தடவிப் பாத்தா கை வழுக்குது. தண்ணி எங்கயாவது வழுக்குமா? அட கடவுளே, இத்தன நாளும் சக்கரத்தப் பிடிச்சு நிறுத்துற பிரேக் லைனர் ஆயில்ல ஊறிக்கிட்டுக் கெடந்திருக்கு.

மச்சினன் வத்தலக்குண்டுல லாரிப் பட்டறை வச்சிருக்கான். சொல்லி அனுப்புனதும் வெள்ளனே பைக்குல ஏறி வந்துட்டான். சக்கரத்தக் கழட்டிப் பாத்துட்டு, "என்ன மச்சான், லாரிய எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிட்டீங்களா?"ன்னான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. "சோலியப் பாருலே"ன்னேன். பின் ஆக்சில மூடியிருக்குற ஹவுசிங் மேல மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு இருக்கு, அதக் கேரட் சேறு அடைச்சிருந்துச்சு. சூட்டுல உள்ள காத்து முட்டி, ஆயிலத் தடுக்குற ரப்பர் சீலப் பிதுக்கிக்கிட்டு ஆயில் வெளிய வந்திருக்கும்னான். ஓட்டையச் சுத்தம் பண்ணி, புது சீலும் புது லைனரும் போட்டான்.

இந்த லாரி ஓடுனாத்தான் நாங்க பூண்டியில இருக்க முடியும். எங்களுக்குன்னு ஒரு துண்டு நெலம் கெடையாது. இது நின்னா திருப்பூர் பனியன் கம்பெனிதான் கதி. என் பொண்டாட்டிக்கு அந்தப் பேச்சே ஆகாது. மலைய விட்டு எறங்குனா ரெண்டாம் நாளே தலைவலின்னு படுத்துருவா. சோறு போடுறப்ப மட்டும், "ஒழுகுறது நின்னுச்சாங்க?"ம்பா. "நின்னுருச்சு, நின்னுருச்சு"ன்னு நானும் வாய்க்கு வந்ததச் சொல்லுவேன்.

எங்க நின்னுச்சு? நாலு லோடு தாங்கல. திரும்ப ஈரம். இந்தத் தடவ சீல் உக்கார்ற எடமே தேஞ்சுபோச்சுன்னு சொல்லி, லேத்துல ஒரு வளையம் கடைஞ்சு மாட்டுனான். அதுவும் ஒழுகுச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. ஸ்பேனரத் தூக்கி எறிஞ்சேன். அது பக்கத்து வீட்டுத் தகரத்துல போயி விழுந்து, அந்த வீட்டம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

கடைசியா மச்சினன், "அக்கா, மூஞ்சிப் பவுடர் டப்பாவ எடு"ன்னான். "யாருக்குடா பொண்ணு பாக்கப் போறீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே கொண்டாந்து குடுத்தா. அவன் ஹவுசிங்க டீசல் போட்டுத் தொடச்சு, காயவிட்டு, பவுடரத் தூவுனான். லாரிய ஊருக்குள்ளயே ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து மூணு பேரும் குனிஞ்சு பாத்தோம். வெள்ளையில தலைமுடி கணக்கா ஒரு கருப்புக் கோடு. அச்சுக் குழாய் சேர்ற எடத்துல ஹவுசிங்கே விரிசல் விட்டிருக்கு. எத்தன வருசமா ஈர மூட்டைய ஏத்திக் கனத்துக்கு மேல கனம் குடுத்திருப்பேன், அது பாவம் எவ்வளவுதான் தாங்கும்?

"வெல்டிங் வச்சிரு மாப்ள"ன்னேன்.

"வைக்கலாம். ஆனா மலை எறக்கத்துல சக்கரம் தனியா போச்சுன்னா எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதுக்கப்புறம் பழைய ஹவுசிங் தேடி திண்டுக்கல்லு, மதுரைன்னு பழைய இரும்புக் கடை ஒண்ணு விடாம அலைஞ்சோம். இந்த மாடல் லாரி வர்றது நின்னு ரொம்ப வருசமாச்சுங்க. கெடச்சது ஒண்ணே ஒண்ணு. டீசல்ல தொடச்சுப் பவுடரத் தூவுனா அதுலயும் அதே எடத்துல அதே கோடு. மச்சினன் தலையச் சொறிஞ்சுக்கிட்டே, "லாரிய இரும்புக்குப் போட்ருங்க மச்சான்"னான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மறைக்கல. அதுக்குள்ள கேரட்டு வேற லாரியில போக ஆரம்பிச்சிருச்சு. அவுகளக் குத்தஞ்சொல்ல முடியுமா, கேரட்டு காத்திருக்குமா?

பஸ்ஸுல ஊர் திரும்புற வழியெல்லாம் அவகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு ரோசன பண்ணிக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சேன். அவ அன்னைக்கு ஒழுகுறதப் பத்திக் கேக்கவே இல்ல. ரசத்த ஊத்திக்கிட்டே, "திருப்பூர்ல எங்க சித்தி மக வீடு பாத்து வச்சிருக்கா. ஒரே ரூம்புதான், தண்ணி வருமாம்"னா.

எனக்குப் பொசுக்குன்னு கோவம் ஏறிருச்சு. "நான் இன்னும் வாயே தெறக்கல, அதுக்குள்ள எப்ப வீடு கேட்ட நீ?"

"மொதச் சீலு மாத்துன அன்னைக்கே கேட்டு வச்சிட்டேன். சாப்பிடுங்க."