சாயம் போட்ட கோழிக்குஞ்சு

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். சம்சாரி வீடு, விவசாயம்தான் பிழைப்பு. மாமியார், கணவரின் அண்ணன், அவர் மனைவியான என் மூத்த ஓரகத்தி, நாங்கள் இருவர். பகலில் எல்லோரும் காட்டுக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அதனால் கோழிக்குஞ்சுகளோடு சிநேகம் பிடித்துக்கொண்டேன்.

தாய்க்கோழி கொத்தி விரட்டிவிட்டிருந்த பருவம் அது. குஞ்சுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நான் பதறிப்போய் விலக்கிவிடுவேன்.

"விடு பாப்பா. யாரு பெருசு, யாரு சிறுசுன்னு தெரிஞ்சுக்கிட்டா தானா அடங்கிரும்" என்றார் ஓரகத்தி.

அப்படியேதான் ஆனது. கம்பை இறைத்தால், கொண்டை முளைத்த சேவல்குஞ்சு முதலில் வரும். மற்றவை ஒதுங்கி வழிவிடும். கடைசிக்கு முந்தியது ஒரு வெள்ளை. அதற்கும் பின்னால் ஒரு புள்ளிக்குஞ்சு. வெள்ளைதான் என் செல்லம், மடியில் ஏறித் தூங்கும்.

வீட்டிலும் அதே வரிசைதான். ஓரகத்தி ஒரு அதட்டல் போட்டால் மாமியாரே வாயைத் திறக்கமாட்டார். நான் எந்த மூலைக்கு? அவர் தொண்டையைச் செருமினாலே நான் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

ஒருநாள் பருந்து ஒன்று வெள்ளையைத் தூக்கப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டுப் போனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் அதைக் கவனித்திருக்கிறார். பெரியவர்கள் முன்னால் நாங்கள் பேசிக்கொள்ளக்கூட மாட்டோம். ஆனால் அடுத்து ஒரு சோலியாகச் சின்னாளப்பட்டிக்குப் போனவர், சேலைக்குச் சாயம் போடுகிற ஒருவரிடம் கொஞ்சம் சிவப்புச் சாயத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தார். கலர் போட்ட குஞ்சைப் பருந்து தொடாதாம். அந்தச் சாயம் ஒரு குஞ்சுக்குத்தான் காணும். அவரே கரைத்து, வெள்ளையை முக்கி எடுத்து, வெயிலில் காயவைத்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே பயமில்ல" என்றார். எனக்கென்று அவர் செய்த முதல் காரியம் அது. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

அந்தச் சந்தோஷம், குஞ்சைக் கீழே விடுகிறவரைதான். கூடப் பிறந்ததுகளுக்கே அதை அடையாளம் தெரியவில்லை. யாரோ புதிதாக வந்துவிட்டதுபோல் சுற்றி நின்று பார்த்தன. பிறகு கொத்தத் தொடங்கின. சேவல்குஞ்சு ஒரு கொத்துக் கொத்திவிட்டு இரையைப் பார்க்கப் போய்விட்டது. விடாமல் துரத்தித் துரத்திக் கொத்தியது அந்தப் புள்ளிக்குஞ்சுதான். அதுவரை அதற்குக் கீழே யாருமே இல்லையே! நான் ஓடிப்போய் வெள்ளையைத் தூக்கியபோது முதுகில் ரத்தம்.

மாட்டுக்கொட்டகை மூலையில் கோழி அடைக்கிற மூங்கில் கூடையான ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் ஒளித்துவைத்தேன். "குஞ்சு நல்லாருக்கா?" என்று கணவர் கேட்டபோது, "ம்" என்று தலையாட்டினேன். ஆசையாகச் செய்து கொடுத்த மனிதரிடம், உங்கள் சாயத்தால்தான் இது சாகக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? மறுநாள் அது இரை எடுப்பதையே நிறுத்திவிட்டது. பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத் தவிடு எடுக்க வந்தார் ஓரகத்தி.

"என்னத்துக்கு இப்ப மூக்க உறியுற?"

தொலைந்தேன் என்று நினைத்தேன். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குஞ்சைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தத்தக் கண்டாலே கோழி கொத்தும். இது ஒடம்பே ரத்தமால்ல இருக்கு."

சட்டி அடிக்கரியைச் சுரண்டி, வேப்பெண்ணெயில் குழைத்து, காயம், சாயம் எல்லாம் மறைகிற மாதிரி அவரே பூசினார். பிறகு பஞ்சாரத்தை முற்றத்து நடுவில் கொண்டுவந்து வைத்து, குஞ்சை உள்ளே விட்டார். சுற்றிலும் கம்பை இறைத்தார்.

"அதுக கண்ணு முன்னாடியே கெடக்கட்டும். ஒளிச்சு வச்சா இன்னும்தான் வேத்தாளாப் போயிரும்."

மற்ற குஞ்சுகள் வெளியே கொறிக்க, வெள்ளையும் உள்ளிருந்து ஒன்றிரண்டு பொறுக்கியது. அந்தச் சமயத்தில் கணவர் வந்துவிட்டார். கரிக்கட்டையாக நின்ற குஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டார்.

"நாந்தான் தம்பி கரி பூசுனேன். இம்புட்டு அழகாச் சாயம் போட்டு விட்டா ஊர்க்கண்ணு படாதா?"

பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைப்பதில்லையா, அந்த மாதிரி. என் கணவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சரி மதினி" என்று சிரித்துக்கொண்டே போனார். ஓரகத்தி என் பக்கம் திரும்பக்கூட இல்லை, கரிக்கையைக் கழுவப் போய்விட்டார்.

சில நாள் கழித்துக் குஞ்சை வெளியே விட்டோம். புள்ளி மட்டும் ஒருமுறை சீண்டிப் பார்த்தது. வெள்ளை திருப்பி ஒரு கொத்துக் கொடுத்தது. அதோடு சரி. புது இறகு முளைத்ததும் சாயமும் போனது, கரியும் போனது.

இன்று என் வீட்டில் நான்தான் மூத்தவள். மருமகள்களிடம் குரலை உயர்த்த வாயெடுக்கும்போதெல்லாம் என் ஓரகத்தி நினைவுக்கு வருவார். வீட்டுக்கு மூத்தவள் என்றால் என்ன என்பதற்கு, எங்கள் இரண்டு பேர் மனசும் நோகாமல் அன்று அவர் சொன்ன அந்தப் பொய்தான் எனக்கு இன்றுவரை அர்த்தம்.