களவு என்ற நிரலில் பூச்சியம்

எண்பதாம் ஆண்டுக்குச் சற்று முன்னர் நான் அக்கா வீட்டில் தங்கி, திருகோணமலைக் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், இலிகிதராக எழுத்து வேலை பார்த்தேன். கோடு போட்ட தாளைக் கண்டால் எனக்குக் கை ஊறும். அதனால், அக்காவின் மகளைப் பார்த்த டொக்டர் ஓர் அளவுத் தாளை நீட்டி, இரண்டு கிழமைக்கு வீட்டில் யாராவது இதை நிரப்ப வேண்டும் என்றதும், அக்காவை முந்திக்கொண்டு நான் வாங்கிவிட்டேன்.

மருமகளுக்கு அப்போது ஏழு வயது. கருவிலேயே மரபணுவில் நேர்ந்த பிழை. மிக அரிதாக வரும் வருத்தம், தீராத நோய். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேராது. எந்நேரமும் பசி, மறித்தால் நிலத்தில் விழுந்து கத்தல். மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டை எடுத்துத் தின்றாள் என்று அதிபர் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார். வளர்ப்புச் சரியில்லை என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாராம். இது வளர்ப்பல்ல, வருத்தம் என்று டொக்டர் கடிதம் தந்தால் திரும்பச் சேர்க்கலாம். கடிதத்துக்குத்தான் தாள்.

முதல் நிரல்: களவாக எடுத்துத் தின்றது எத்தனை தரம். இரண்டாவது: கத்தியது எத்தனை நிமிடம். நான் லீவு போட்டு, மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் அவள் வேலி ஓட்டையால் புகுந்து பக்கத்து வீட்டுக் குசினிக்கு, அடுப்படி வரை, போனாள். பின்னாலேயே ஓடினேன். கிண்ணியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண் அந்த வீட்டுக்காரி; அக்கா முறையில் ராத்தா என்போம். பிள்ளையின் இரண்டு கையிலும் இனிப்பு வட்டிலப்பம். களவா என்று கேட்டேன். ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கதை கதைக்கிறீங்க தம்பி? புள்ள கேட்டிச்சு, நான் குடுத்தன். இது களவா?"

நியாயம்தானே. பூச்சியம் போட்டேன். மூலைக்கடைக்காரரும் அதையே சொன்னார். பூச்சியம். கத்தத் தொடங்கினால் என் சட்டைப் பையிலிருந்து ஒரு ரொபி மிட்டாய் எடுத்துக் கொடுப்பேன், உடனே நின்றுவிடும். 'இரண்டு நிமிடம்' என்று அழகான எழுத்தில் எழுதினேன். களங்கமில்லாத தாள். கச்சேரியில் நான் அப்படி ஒன்று எழுதியதேயில்லை.

டொக்டர் தாளைப் பார்த்தார். பிள்ளையைத் தராசில் ஏற்றினார். திரும்பத் தாளைப் பார்த்தார்.

"இதின்படி பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பிறகு என்னத்துக்கு நான் கடிதம் எழுதிறது? நிறை மட்டும் என்னெண்டு கூடினது?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"டேய், நீ குடுத்தனியோ?"

"கேக்கிற பிள்ளைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமே அக்கா?"

டொக்டர் சிரிக்கவில்லை. களவு என்ற சொல்லை வெட்டிவிட்டு 'கொடுத்தவர் யார்' என்று எழுதி, இன்னும் இரண்டு கிழமை தந்தார். பென்சில் இந்தமுறை அக்காவின் கையில். முதல் நாள் நிரலில் ராத்தா இரண்டு தரம், கடைக்காரர் ஒரு தரம், மாமா ஏழு தரம். அக்கா அந்தத் தாளை ராத்தாவிடமும் கடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டி, பள்ளிக்கூடக் கதையைச் சொன்னார். ராத்தா அன்றே வேலி ஓட்டையை அடைத்துவிட்டு, அடுப்படியில் இருந்து அழுதாராம்.

மூன்றாம் நாள் என் பை வெறுமை. அவள் கத்தத் தொடங்கியபோது நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். நாற்பத்தைந்து நிமிடம். 'மாமா கூடாத ஆள்' என்றாள், 'மாமா செத்துப்போ' என்றாள், கடைசியில் என் மடியிலேயே படுத்துவிட்டாள். அக்கா பென்சிலை என்னிடம் நீட்டினார்; அதை எழுதும்போது என் அழகான எழுத்து கோழி கிளறியது போல் வந்தது.

அந்தத் தாளுக்குக் கடிதம் கிடைத்தது. அதிபர் இரண்டு தரம் வாசித்தார். பிள்ளைகளின் சாப்பாட்டையெல்லாம் இனி அலுமாரியில் பூட்டி வைப்போம், திங்கட்கிழமை அனுப்புங்கள் என்றார். வளர்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டிலும் பூட்டச் சொல்லிக் கடிதத்தில் இருந்தது. அன்று பின்னேரமே அக்கா குசினிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை இடுப்பில் செருகினார். எனக்கும் ஒரு திறப்பு வேண்டுமென்று கேட்டேன். நேரத்துக்கு வந்து மருமகளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடு என்றார்.