பற என்றால் நிறுத்து

பெரம்பலூர் ஜவுளிக்கடையில் வெற்றிச்செல்வியும் நானும் சேலைப் பிரிவில் நிற்கிறோம். நிற்கிறோம் என்பது எனக்குத்தான் பொருந்தும். அவளுக்கு ஒரு நிமிடம் சும்மா நிற்க வராது. சேலையை விரித்துக் காட்டும்போதே விரல்கள் மேசையில் தாளம் போடும். வாங்க வந்தவர்கள் முறைப்பார்கள்.

செட்டிகுளத்துப் பெண்கள் குழுவில் அவள் பறை அடிக்கிறாள். யூடியூபில் அதைப் பார்த்த ஒரு ஸ்பெயின் குழு, தங்கள் ஊர்த் திருவிழாவில் சேர்ந்து வாசிக்க அவளை அழைத்தது. முதலில் வீடியோவில் ஒத்திகை, சரிப்பட்டால்தான் பயணம். அன்றிலிருந்து போனில் ஸ்பானிஷ் படிப்பு. தம்போர் என்றால் மேளம். ரித்மோ என்றால் தாளம். பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள்.

முதல் ஒத்திகையில் போனைப் பிடித்தது நான். அவள் அடிக்கத் தொடங்கியதுமே அந்தக் குழுத் தலைவி மார்த்தா கையை உயர்த்தி, "பற! பற!" என்றாள். எங்கள் வாயிலும் பறை 'பற'தானே.

"பாத்தியாடி, பேரு சொல்லியே கேக்குறாங்க!" இவள் வெளுத்துக்கட்டினாள். மார்த்தா இன்னும் கத்தினாள், இவள் இன்னும் அடித்தாள், கடைசியில் லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் போன் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. பற என்றால் நிறுத்து.

"நிறுத்துங்குறாங்க, நான் போட்டு அடிச்சிருக்கேன். இனி கூப்புடுவாங்களாடி?"

அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

நல்லவேளை, கூப்பிட்டார்கள். இந்த முறை சொன்னால்தான் அடிப்பது என்று குச்சிகளை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். மார்த்தா சிரித்துக்கொண்டே, "தோக்கா" என்றாள்.

இவள் அசையவில்லை.

"என்னடி சொல்றாங்க?"

"அடிக்கச் சொல்றாங்க." அவள் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தாள். "தொடுன்னு சொல்றதுக்கும் அதே வார்த்தைதான்டி. எங்கப்பா பறையோட போன வூட்டுலல்லாம் தொடாதன்னுதான் கேட்டிருக்காரு."

"தோக்கா, வெற்றி!" என்றாள் மார்த்தா மறுபடியும்.

அதன் பிறகு அவள் அடித்த அடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடைசிவரை மார்த்தா 'பற' என்று சொல்லவே இல்லை. முடிந்ததும், "பசப்போர்த்தே?" என்று கேட்டாள்.

அது எனக்கே புரிந்தது.