பொத்துவில் பஸ்ஸில் ஒரு சிரிப்பு

அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நண்டுகள்தான். கோமாரியில் ஏறிய ஒரு கிழவர் தன் ஓலைப்பையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனார். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியதும் பையின் கட்டு அவிழ்ந்து, நண்டுகள் பஸ் முழுக்க நடக்கத் தொடங்கின. அதுவரை சில்லறை இல்லாதவர்களை ஏசிக்கொண்டு வந்த கொண்டக்டர், டிக்கட் பையை நெஞ்சோடு அணைத்தபடி சீட்டின் மேலே ஏறி நின்றார். என் பக்கத்தில் இருந்த கூட்டாளி முதலில் முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு முடியாமல் விட்டுவிட்டாள். முன் சீட்டு ஆண்கள் திரும்பிப் பார்க்க, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, வாய்விட்டுச் சிரித்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில் நாங்கள் இருவரும் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒன்றாகக் குர்ஆன் ஓதி, ஒரே வருஷத்தில் கலியாணம் முடித்தவர்கள். அவளுடைய புருஷன் சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்ணுக்கு அப்போது ஊரெல்லாம் காவல். கடைத்தெருவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவள் வாப்பாவிடம் சலாம் சொல்லிவிட்டு அந்தச் செய்தியையும் சொல்லிவிடுவார். சும்மா ஒரு நாள் பஸ் ஏறி ஊர் பார்த்து வருவோம் என்று சொன்னால் இரண்டு வீட்டிலும் அடி விழாத குறைதான். ஆகவே பொத்துவிலில் இருந்த என் மாமிக்குச் சுகமில்லை என்றேன். நோய் பார்க்கப் போவதை யார் தடுப்பார்? கூட்டாளி கைக்குழந்தையாக இருந்த தன் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள். நாங்கள் போய் இறங்கியபோது நோயாளி மாமி முற்றத்தில் மாவிடித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது அக்கரைப்பற்றில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. அந்த இடைவெளியில் கூட்டாளி ஓடிப்போய்க் கண்ணாடிக் காப்பு வாங்கினாள். புருஷன் வரும்போது போடுவதற்கு என்றுதான் வாங்கினாள். ஆனால் தம்பிலுவில் வருவதற்கு முன்னமே கையில் ஏறிவிட்டது. பொத்துவில் கடற்கரையில் பகல் முழுக்கக் கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு இருந்தோம். அவர் வந்ததும் அவரையும் இங்கே கூட்டிவர வேண்டும், இந்த மணலில் அவரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். மாமி கட்டித்தந்த சோற்றைக் கடலைப் பார்த்துக்கொண்டே தின்றோம். என் வயதுக்கு எத்தனையோ பெருநாட்களைக் கண்டுவிட்டேன். அந்த நாளுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

சில நாள் கழித்துத் தந்தி வந்தது. வேலைத்தலத்தில் ஏறி நின்ற சாரம் சரிந்து அவர் மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கியும் விட்டார்கள். செய்தி வந்துசேரத்தான் தாமதம். எங்கள் ஆக்களில் புருஷன் இறந்தால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெளியில் போகாமல், நகை போடாமல், வாசம் பூசாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற காலம் அது. அதன் கணக்கு செய்தி கிடைத்த நாளிலிருந்து இல்லை, மௌத்தான நாளிலிருந்து தொடங்கும். மௌலவி தந்தியை வாங்கித் திகதியைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். பொத்துவில் நாள் அந்தக் கணக்குக்குள் விழுந்தது.

தெரியாமல் செய்ததில் பாவமில்லை என்று மௌலவி தெளிவாகவே சொன்னார். அதைக் கேட்டு வீட்டிலிருந்த எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள், அவளைத் தவிர. நான் உள்ளறைக்குள் போனபோது வெள்ளைச் சீலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் திரும்பவே இல்லை.

"அவர மண்ணுக்குள்ள வெச்சிட்டாங்க புள்ள. நான் பஸ்ஸுக்குள்ள இருந்து சிரிச்சிருக்கன்" என்றாள். பிறகு, "அந்த நாளப் பத்தி ஆருக்கிட்டயும் வாய் திறந்திராத. என்னோடயும் கதைக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கொடுத்தேன். வேறென்ன செய்ய? இத்தா முடிந்தது. அவளுக்கு மட்டும் அது முடியவில்லை. யாராவது பகிடி விட்டு நாலு பேர் சிரித்தால் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவாள். மகளை வளர்த்தாள், படிப்பித்தாள், ஆசிரியையாக்கினாள். என்னோடும் கதைத்தாள்தான். அரிசி விலை, மழை, மகளின் சம்பந்தம் எல்லாம் கதைத்தோம். எனக்குச் சில நேரம் கோபம்கூட வரும். அந்த நாள் அவளுக்கு மட்டுமா சொந்தம்? பாதி என்னுடையது இல்லையா? அதையும் சேர்த்தல்லவா புதைத்துவிட்டாள். ஆனாலும் நான் வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவள் கேட்கவில்லை.

போன வருஷம் அவள் மௌத்தானாள். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி நடு வீட்டில் வைத்திருந்தார்கள். மகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது.

"சாச்சி, நீங்கதானே உம்மாட சின்ன வயசுக் கூட்டாளி. உம்மா வாய்விட்டுச் சிரிச்சத எப்பயாவது கண்டிருக்கீங்களா? நான் ஒரு நாளும் காணல்ல."

அவளுடைய மையித்து கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

"இல்ல மகள்" என்றேன்.

"தெரியும் சாச்சி. உம்மாட சுபாவமே அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, என்னை ஆறுதல்படுத்த என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.