வாயால் கூப்பிடாத காடு

சீழ்க்கை அடிக்கத் தெரியாதவன் காட்டுக்குள் போகக் கூடாது. அது தெரியாமல், கான்வாஸ் பூட்ஸ் இருந்தால் போதும் என்று கிளம்பிய மடையன் நான். யுத்த காலம். திருச்சியில் படிப்பு. லீவுக்கு வல்லத்திராக்கோட்டையில் அக்கா வீட்டுக்கு வந்தவன், பக்கத்துக் காட்டை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுபோலப் புறப்பட்டேன். இவனைத் தனியாக விட்டால் திரும்பி வரமாட்டான் என்று அக்கா தன் புருஷனையும் கூட அனுப்பினாள்.

காட்டு விளிம்பில் மச்சான் நின்றார்.

"உள்ள போயிட்டா வாயால கூப்பிடப்படாது மாப்ள. சீழ்க்கதான். கூப்பிட்டா வேற எதாச்சும் பதில் சொல்லும்."

"சொல்லட்டுமே மச்சான். வீட்டுல நான் கூப்பிட்டா நாய்கூடத் திரும்பிப் பாக்குறதில்ல."

அவர் சிரிக்காமல் முன்னால் நடந்தார்.

காரைப் புதருக்கு அப்பால் ஒரு முயலைப் பார்த்துவிட்டு ஓடினேன். முயலும் போயிற்று, தடமும் போயிற்று. எங்கு திரும்பினாலும் ஒரே செம்மண், ஒரே முள். வெயில் சாய ஆரம்பித்தது. இருட்டுவதற்குள் வண்டித்தடத்தைப் பிடிக்காவிட்டால் நான் அவ்வளவுதான். சீழ்க்கை அடித்துப் பார்த்தேன். வறண்ட வாயில் வெறும் காற்றுதான் வந்தது, அடுப்பு ஊதுகிற மாதிரி.

"மச்சான்!" என்று கத்தினேன்.

"மாப்ள, இங்கிட்டு வா."

அவர் குரலேதான். உயிர் வந்தது. முள்ளில் வேட்டியைப் பாதி கொடுத்துவிட்டு ஓடினேன். போய் நின்ற இடத்தில் வட்டமாகப் பாறைகள். நடுவே, மண்ணோடு மண்ணாக, அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி ஒன்றின் உடைந்த வாய். ஆள் இல்லை. ஒரு குருவிகூட இல்லை.

"இன்னுங் கிட்ட வா."

அதே குரல். காலடியிலிருந்து.

அப்போது எனக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு சீழ்க்கை. அதை நோக்கி ஓடியதில் ஒரு பூட்ஸ் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கல்யாணப் பந்தியில் யாராவது முதுகுக்குப் பின்னால் "மாப்ள" என்றால் இப்போதும் இலையைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும்.

வண்டித்தடத்தில் மச்சான் குத்தவைத்திருந்தார். சீழ்க்கை அடித்து அடித்து உதடு வீங்கியிருந்தது. மூச்சு வாங்க, சிரித்துச் சமாளித்தபடி கேட்டேன்:

"ஏன் மச்சான், இங்க ஒக்காந்துக்கிட்டு என்னைய எதுக்கு அங்கிட்டுக் கூப்பிட்டீங்க?"

"நான் ஒன்னக் கூப்பிடவே இல்ல."