துணிக்கட்டின் மேல் ஒரு சிவப்பு நூல்

ஒரு மணிக்கு வெட்டு முடிந்ததும் மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுப்பார். வெட்டி அடுக்கிய துணிக்கட்டின் மேல் குறுக்கே போடுவார். யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் நோட்டம் விடுவார். எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தையல் பிரிவில் அவருக்கு 'சிஐடி மாஸ்டர்' என்று பேர் வைத்தாகிவிட்டது.

வயது ஐம்பத்தொன்பது. முப்பது வருடமாக அதே மேசையில் துணி வெட்டுகிறவர். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். மனைவி தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் தராமல் வாயில் ஊற்றினாள்; மனுஷனுக்கு வெறுத்தே போய்விட்டது. டாக்டர் சீட்டோடு வந்து நின்றபோது முதலாளி, "ஒரு மாசம் அரை நாள் வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' மேல் அன்றிலிருந்தே அவருக்குச் சந்தேகம். இடது கை இன்னும் துணியை அழுத்திப் பிடிக்காது. இரும்புக் கட்டையைப் பாரமாக வைத்துத்தான் வெட்டினார்.

அந்தக் கூடத்தில் அவர் நம்பிய ஆள் ஒருவரும் இல்லை. மேசையருகே புதிதாக ஓர் உயர நாற்காலி போட்டிருந்தார்கள். "இப்ப உக்காருங்கம்பாங்க, அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்குப் போங்கம்பாங்க" என்று அதில் தன் பையை மாட்டி வைத்தார். சூப்பர்வைசர் அம்மா, "பத்து மணி மாத்திரை போட்டாச்சா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனால், பக்கத்து மெஷின்காரியிடம் குனிவார். "மாத்திரை நேரம் இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? எம் பொண்டாட்டி போன் போட்டிருக்கா." அது உண்மைதான், போட்டிருந்தாள்.

பெரிய சந்தேகம் நூல் விஷயத்தில்தான். தினமும் காலையில் அது தரையில் கிடக்கும். தான் கோணலாக வெட்டியதை யாரோ ரகசியமாகத் திருத்துகிறார்கள், பாவம் பார்த்துத் தன்னை வைத்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். வேலை போவதைவிட அதுதான் அவரைச் சுட்டது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், கேட் வரை போய்ச் சத்தமில்லாமல் திரும்பினார். அவர் மேசையில் சூப்பர்வைசர் அம்மா. அளவு டேப்பின் ஒரு முனையை இரும்புக் கட்டைக்கடியில் செருகி, மறுமுனையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து."

"வெட்டித் திருத்துறீங்க. அப்படித்தானே?"

"திருத்தறதுக்கு எனக்கேது நேரம்? தினம் அளந்து எழுதி மேல கொடுக்கணும். அதைப் பாத்துத்தான் உங்களை முழு நாளைக்கு எடுப்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா உங்களுக்குக் கை நடுங்கும்."

மாஸ்டர் நம்பவில்லை. நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி வரிவரியாகப் படித்தார். எல்லாம் சரி, சரி என்றே இருந்தது. இதுவும் பாவம் பார்த்து எழுதியதுதான் என்று அவருக்கு முகம் இன்னும் கடுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் விரல் நின்றது. 'கை பாகம், கால் இஞ்ச் குறைவு.'

"இதையும் எழுதியிருக்கீங்க?"

"குறைஞ்சா எழுதாம?"

அன்று அந்தத் துணி நழுவியது அவருக்கும் தெரியும். பிறகு நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். டேப்பின் மேலிருந்த இரும்புக் கட்டையை நகர்த்திவிட்டு, அந்த முனையை இடது கை விரல்களால் அழுத்திப் பிடித்தார்.

அந்த அம்மா அளவைச் சொல்வதற்குள், எட்டித் தானும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.