சார் ஏறுகிறார்

"சார், இப்டியே நின்னுகினு இருந்தா எப்டி? ஏறு சார். நம்மள மாரி நாலு பேரு பின்னாடி நிக்கறாங்க."

வேளச்சேரிப் பக்கத்துப் பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டில், கைப்பிடியைப் பற்றியபடி ஏசுபாதம் கெஞ்சிக்கொண்டிருந்தது தன் இடது காலிடம். முட்டிக்குக் கீழே கம்பி வைத்துத் தைத்த கால் அது. வலது கால் சொன்னபடி கேட்கும். அதற்குத் தனி மரியாதை கிடையாது. இடதுதான் இஷ்டத்துக்கு வரும், இஷ்டத்துக்கு நிற்கும். அதனால் அது 'சார்'.

காலை நடை போகிறவர்களுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். கழுத்துப் பித்தான் வரை பூட்டிய முழுக்கைச் சட்டை. படிகளை எண்ணுவதில்லை, "எண்ணுனா பயம் வந்துடும்." பக்கத்திலேயே லிப்ட் இருக்கிறது. வாங்க என்று யாராவது கூப்பிட்டால், "அதுல போறதுக்கு நான் எதுக்குங்க? என் சட்டைய மட்டும் அனுப்பினா பத்தாதா?" என்பார். மேலே போய் ரயில் ஏறுவதும் இல்லை. நடைமேடையின் கோடிக்குப் போய், கீழே தெரியும் மொட்டை மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் திருப்தியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்.

மேலிருந்து பார்த்தே பழகிய கண்கள். திருமுடிவாக்கத்தில் ஒரு இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரையை ஒட்டித் தொங்கும் சின்ன அறைதான் அவர் இடம். சுவரோரம் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏறித்தான் அங்கே போக முடியும். போன மழைக்காலத்தில், பல்லாவரம் அருகே ஒரு தண்ணீர் லாரி அவருடைய பைக்கை உரசித் தள்ளியது. ஏணி கைவிட்டுப் போயிற்று.

மேனேஜர் ஷ்யாம்சுந்தர் நல்லவர். வீட்டுக்கே வந்து, "அண்ணா, கேட்ல ஒரு சேர் போட்டுத் தர்றேன். வர்ற வண்டியப் பார்த்துக்குங்க, அது போதும்" என்றார். மனைவி ஏஞ்சல் நிம்மதியில் அழுதுவிட்டாள். ஏசுபாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஷ்யாம்சுந்தர் கிளம்பும்போதுதான் அவர் வாய் திறந்தார்: "ஏணி ஏறிக் காமிச்சா?"

முடியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. "காட்டுங்கண்ணா, பார்க்கலாம்."

எலும்பு கூடிவிட்டது, இனி படி ஏறிப் பழகலாம் என்று டாக்டர் சொன்னார். ஏசுபாதத்தின் வாடகை வீட்டில் படியே கிடையாது. அப்படித்தான் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்.

தூறல் போட்ட ஒரு காலையில், ரயிலைப் பிடிக்க ஓடிய கூட்டத்தில் யாருடைய பையோ இடித்தது. சறுக்கி விழுந்தார். உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. காலேஜ் பிள்ளைகள் பதறிப்போய்த் தூக்கி, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல லிப்டில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டார்கள். வழக்கம்போல் கீழே டீ பிளாஸ்க்கோடு காத்திருந்த ஏஞ்சல், கதவு திறந்ததும் ஈரச் சட்டையோடு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"போதும்யா. கேட்ல உக்காந்தா இன்னா கொறஞ்சு பூடும் உனுக்கு?"

அவர் டீயை வாங்கி நிதானமாகக் குடித்தார். கப்பைத் திருப்பிக் கொடுத்தார். "நான் இன்னும் ஏறி முடிக்கல" என்று படிக்கட்டைப் பார்த்து நடந்தார். ஏஞ்சல் அன்று கீழே நிற்கவில்லை. ஒரு படி பின்னால், முதுகைத் தொடாமல் கையை மட்டும் நீட்டியபடி, அவரோடு மேலே வரைக்கும் ஏறினாள்.

பொங்கல் கழிந்து ஒரு திங்கட்கிழமை பட்டறைக்குப் போனார். வெல்டிங் நின்றது. எல்லோரும் ஏணியடியில் கூடிவிட்டார்கள். பாதி உயரத்தில் கால் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றுவிட்டது. ஷ்யாம்சுந்தருக்கு வியர்த்தது. "போதும்ணா, இறங்கிடுங்க."

ஏசுபாதம் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் இடது கால் மெல்ல அசைந்து அடுத்த கம்பிக்குப் போனது. அதற்கடுத்ததற்கும்.

மேலே போனதும் அவர் கீழே திரும்பிப் பார்க்கவில்லை, கை அசைக்கவும் இல்லை. சீட்டில் படிந்திருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கீழே கைதட்டல் தொடங்குவதற்குள், கிரேன் நகரப்போகிறது விலகுங்கள் என்று எச்சரிக்கும் மணியை நீளமாக அடித்தார்.